சொந்தக் கடிகாரத்தில் ஓடிய பெட்டி

புதன்கிழமை காலை. செங்கல்பட்டு ஆபீஸ் படியேறி இன்னும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, ஜானகிராமன் கூப்பிட்டுவிட்டார். எங்கள் வட்டார மேனேஜர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மேலே இருப்பவர்கள் அவரைப் பிடுங்குவார்கள், அவர் எங்களைப் பிடுங்குவார், அவ்வளவுதான்.

"நெம்மேலிக்குப் போயிட்டு வாங்க சதாசிவம். தப்பு சாலமோன் வேலையிலயா, சாமான்லயா? அத மட்டும் பாத்து ரெண்டு வரி எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணணும்."

"என்ன முடிவு சார்?"

"எட்டு மாசம் பொறுத்தாச்சு. அனுப்பிட வேண்டியதுதான், வேற என்ன. நான் கேட்டா கடல் மேல பழி போடறான் அந்த ஆளு."

2007 செப்டம்பர் மாதம் அது. தொலைபேசிக் கம்பி போகாத இடங்களுக்கு ரேடியோ வழியாக இண்டர்நெட் கொடுக்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. மாடி மேல் கம்பம் நட்டு உச்சியில் அக்சஸ் பாயிண்ட் என்கிற பெட்டியைக் கட்டுவோம். சுற்றியிருக்கும் வீடுகள், ரிசார்ட்டுகள், பிரவுசிங் சென்டர்களில் ஆளுக்கொரு சின்னப் பெட்டி இருக்கும். பெரிய பெட்டியும் சின்னப் பெட்டிகளும் பேசிக்கொண்டால் எல்லோருக்கும் இண்டர்நெட் வரும். திருவிடந்தை நிலையம் என் பொறுப்பு. அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி நெம்மேலி நிலையம், சாலமோன் பொறுப்பு. ஜனவரியில் அவனே கம்பம் நட்டுக் கட்டிய நிலையம். கட்டிய நாளிலிருந்து அது ஒழுங்காக ஓடியதே இல்லை. திடீரென்று இரண்டு மணி நேரம் படுத்துவிடும், பிறகு தானாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் திருவிடந்தையிலோ இந்த வருஷம் முழுக்க ஒரு புகார் கிடையாது. அதற்காக ஒரு சான்றிதழ்கூட லாமினேட் செய்து கொடுத்திருந்தார்கள். வாங்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திருப்போரூர் வழியாக உப்பங்கழியைத் தாண்டி நெம்மேலி போய்ச் சேரும்போது மணி பதினொன்று. நாற்பத்து நாலு வயதில் அந்த ரோட்டில் பைக் ஓட்டினால் முதுகில் ஒவ்வொரு பள்ளமும் தனித்தனியாகப் பதியும். சாலமோன் மாடியிலேயே இருந்தான். என்னைவிட ஒரு வயது சின்னவன், கோவளத்துக்காரன். அவன் அண்ணன் தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் ஒருவன்தான் ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் கம்பம் ஏற வந்தவன். நாற்பத்து மூன்று வயதில் கம்பம் ஏறுகிறவனை இங்கிருந்து அனுப்பிவிட்டால் வேறு யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்கப் போவதில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"வா மச்சான். என்னிய ஊட்டுக்கு அனுப்ப வந்துகீறியா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"சும்மா பாக்க வந்தேன்டா."

"பாரு, நல்லா பாரு. நானும் எட்டு மாசமா பாத்துகினுதான் கீறேன். பெட்டிய ரெண்டு வாட்டி மாத்திட்டேன். கேபிள மூணு வாட்டி மாத்திட்டேன். உப்புக்காத்துன்னு சொல்லி ஒவ்வொரு முடிச்சுக்கும் டேப்பு சுத்திட்டேன். கம்பத்த நாலடி ஒசத்திட்டேன். பேஜாரா கீது மச்சான்."

அவன் வேலையைப் பார்த்தேன். கம்பெனியில் அவ்வளவு சுத்தமாகக் கட்டிய கம்பம் வேறு எங்கும் கிடையாது. ஒரு கேபிள் வளைவில்கூட நெளிசல் இல்லை. மழைத்தண்ணீர் வழிந்து பெட்டிக்குள் போகாமல் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தொங்கல் விட்டிருந்தான். நாங்கள் எல்லோரும் அதைப் படித்திருக்கிறோம், யாரும் செய்வதில்லை. தலைக்கு மேலே, வானம் முழுக்கத் தெரிகிற இடத்தில், ஜிபிஎஸ் ஆண்டெனாவை நட்டிருந்தான். வெள்ளையாக, சின்னதாக, குண்டாக இருக்கும் அது. நாங்கள் அதை இட்லி என்போம்.

இந்த இட்லியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பெட்டிகள் ஒரு நொடியைப் பல நூறு துண்டுகளாக வெட்டிக்கொண்டு, ஒரு துண்டின் முன்பாதியில் பேசும், பின்பாதியில் வாயை மூடிக்கொண்டு கேட்கும். பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பேச வேண்டும், ஒரே சமயத்தில் கேட்க வேண்டும். ஒருவன் கேட்கும்போது இன்னொருவன் பேசினால், தூரத்து வீட்டிலிருந்து வருகிற மெல்லிய குரல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போய்விடும். அதனால் எல்லாப் பெட்டிகளும் செயற்கைக்கோளிடமிருந்து ஒரே மணியை வாங்கிக்கொள்ளும். அதற்குத்தான் இட்லி. வானத்திலிருந்து மணி வராவிட்டால் பெட்டி பேச்சையே நிறுத்திவிடும். அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அடுத்தவனுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று.

சாலமோனின் இட்லிக்கு ஒன்பது செயற்கைக்கோள் தெரிந்தது. மணியில் குறையே இல்லை.

"நா ஒண்ணு சொன்னா நீயும் சிரிப்ப. மேனேஜர் சிரிச்சிட்டாரு" என்றான் சாலமோன்.

"சொல்லு."

"தண்ணி மச்சான். எங்கிட்ட லைன் வாங்கினவங்க முக்காவாசிப் பேரு கழிக்கு அந்தாண்ட கீறாங்க. சிக்னலு தண்ணி மேலதான் போயாவணும். தண்ணி ஏறுறப்ப ஒரு மாரி, எறங்குறப்ப ஒரு மாரி அடிச்சுத் திரும்புது. அதான் வேளை வச்சி வருது, வேளை வச்சி போவுது. எங்க அண்ணன்கிட்ட கேட்டுக் கேட்டு எழுதிகினு கீறேன்."

நான் சிரிக்கவில்லை. தண்ணீர் மேல் போகிற சிக்னல் அப்படிக் கெடுவது உண்டு. புத்தகத்திலேயே இருக்கிறது. மேனேஜருக்குத் தெரியாததற்கு இவன் என்ன செய்வான்? அவன் ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினான். இடது பக்கம் கழியில் தண்ணீர் ஏறின நேரம், இறங்கின நேரம். வலது பக்கம் லைன் படுத்த நேரம். எட்டு மாதம், ஒரு நாள் விடாமல்.

"செல நாளு அப்படியே ஒத்துகினு வரும். செல நாளு சுத்தமா வராது. அதான் புரியல" என்றான்.

நிழலில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். திங்கட்கிழமை காலை ஆறு பத்து, மதியம் ஒன்று, இரவு ஏழு ஐம்பது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை, மாலை நாலு இருபது. இன்று காலை ஆறு. நடுவில் அவன் தூங்கும்போது லைன் படுத்திருக்கக்கூடிய நேரங்களை நான் மனசுக்குள் போட்டு நிரப்பினேன். ஆறு மணி ஐம்பது நிமிஷம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதே ஆறு மணி ஐம்பது நிமிஷம். தண்ணீர் ஏறுவதற்கோ இறங்குவதற்கோ அவ்வளவு நேரம் ஆகாது, அரை மணிக்கு மேல் குறைவு. அதனால்தான் சில நாள் ஒத்துப் போய், சில நாள் விலகிப் போயிருக்கிறது.

துருப்பிடித்த சாமான் இப்படி நேரம் பார்த்துக் கெடாது. மோசமாகக் கட்டின கேபிளும் கெடாது. இரண்டு கடிகாரம், ஒன்று சரியாக ஓடி இன்னொன்று ஒரு துளி தப்பாக ஓடினால், அந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து ஒரு சுற்று வரும். அப்போதுதான் இப்படி வரும். பக்கத்தில் எங்கேயோ ஒரு பெட்டி வானத்து மணியை விட்டுவிட்டுத் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும். நான்தான் அதை அப்படி ஓட விட்டவன்.

போன வருஷம் டிசம்பரில் நடந்தது. திருவிடந்தையில் என் கம்பம் இருப்பது உப்பிலி என்கிற வாத்தியார் வீட்டு மாடியில். கேளம்பாக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார். கம்பத்தை வடகிழக்கு மூலையில் நட்டிருந்தேன், வானம் பளிச்சென்று தெரிகிற இடம். அவர் பெண் சாருலதாவுக்கு வரன் தட்டிக்கொண்டே போயிற்று. கல்யாணம் ஆகவேண்டும் என்று ஊர் ஊராக ஜனங்கள் மாலையும் கையுமாக வருகிற கோயில் அவர்கள் தெருவிலேயே இருக்கிறது. இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ வாஸ்துக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் மாடியைப் பார்த்ததும், ஈசானிய மூலையில் இவ்வளவு உயரம் ஆகாது, கம்பத்தைக் கன்னி மூலைக்கு மாற்றுங்கள் என்றுவிட்டார். தென்மேற்கில் அந்தக் கன்னி மூலையில் ஏற்கெனவே தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதுவும் வாஸ்துப்படிதான்.

மாற்றினேன். கம்பம் தொட்டிக்கு மேலே நீண்டுகொண்டது, ஆனால் கீழே அறையிலிருந்து வருகிற இட்லியின் கேபிள் அவ்வளவு தூரம் எட்டவில்லை. அதனால் இட்லியைத் தொட்டிக்குக் கீழே கட்டினேன். தொட்டியும் சுவரும் பாதி வானத்தை மறைத்துவிட்டன. மணி விட்டு விட்டு வந்தது, பெட்டி நின்று நின்று போயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து ஓடினேன். பத்து மீட்டர் கேபிள் வேண்டும் என்று ஸ்டோருக்கு எழுதிப் போட்டேன், வரவில்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பைத் திறந்து, வானத்து மணியைப் பார்க்காதே, உன் சொந்தக் கடிகாரத்திலேயே ஓடிக்கொள் என்று செட்டிங்கை மாற்றினேன். கேபிள் வந்ததும் பழையபடி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போது நெம்மேலி நிலையமே கிடையாது. பக்கத்தில் யாருக்கும் கெடுதல் இல்லை. அப்புறம் மறந்தே போனேன். என் வாடிக்கைக்காரர்கள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள், அவர்கள் குரல் பெரிய குரல், எந்தச் சத்தத்திலும் அமுங்காது. அதனால் எனக்குப் புகாரே வரவில்லை.

"இன்னா மச்சான், ஒரு மாரி ஆயிட்ட?" என்றான் சாலமோன். "நாஸ்தா துன்னலையா?"

"வெயில்."

அடுத்தது பன்னிரண்டு ஐம்பதுக்கு வர வேண்டும். அவனோடு உட்கார்ந்து அவன் டிபன் பாக்ஸில் பாதியைச் சாப்பிட்டேன். பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு லைன் படுத்தது. சாலமோன் நோட்டை எடுத்து நேரத்தை எழுதிக்கொண்டான். அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்தச் சான்றிதழ் போகும், சீனியர் என்கிற பெயர் போகும், எட்டு மாதம் வாடிக்கைக்காரர்கள் ஆபீசைத் திட்டின திட்டெல்லாம் என் தலையில் வந்து விழும். சத்தம் போடாமல் சரி செய்துவிட்டால் லைன் நன்றாகிவிடும், சாலமோன் வேலையும் தப்பிவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. இப்படித்தான் கணக்குப் போட்டேன். களைத்துப் போன மனுஷனுக்கு எந்தக் கணக்கும் சரியாகத்தான் வரும்.

"உங்கிட்ட ஜிபிஎஸ் கேபிள் இருக்குதாடா? பத்து மீட்டர். எனக்குத் திருவிடந்தைல வேணும்."

"கீது மச்சான். எடுத்துக்கோ. இனிமே எனக்கு இன்னாத்துக்கு அது?"

அவன் சுருளைத் தூசி தட்டிக் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

திருவிடந்தையில் உப்பிலி வாத்தியார் வாசலிலேயே நின்றிருந்தார். கையில் சாருலதாவின் சீமந்தப் பத்திரிகை. தை மாதமே கல்யாணம் முடிந்திருந்தது.

"கம்பத்த நகத்தப் போறேளா?" என்று கவலையோடு கேட்டார். "அது மட்டும் வேண்டாம் சதாசிவம். நன்னா இருக்கு எல்லாம். அங்கேயே இருக்கட்டும்."

"கம்பத்தத் தொடல சார். இந்தச் சின்னத மட்டும் தொட்டி மேல ஏத்தி வெக்கறேன்."

"தாராளமா வைங்கோ. உங்க பெட்டியால ஒரு நாள் ஒரு தொந்தரவு இல்ல எனக்கு."

வேலை இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. இட்லியைத் தொட்டி மூடிக்கு மேலே கட்டி, புதுக் கேபிளை மாட்டினேன். எட்டு செயற்கைக்கோள் தெரிந்தது. செட்டிங்கைப் பழையபடி மாற்றினேன். சாலமோன் எட்டு மாதமாக எத்தனை தடவை ஏறி இறங்கினான் என்று யோசித்தபோது எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்க நெம்மேலி லைன் படுக்கவில்லை. பகல் பன்னிரண்டு மணி வாக்கில் சாலமோன் போன் செய்தான்.

"மச்சான், லைன் நிக்குது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரு வாட்டிகூட வுழல. இன்னா பண்ண நீ?"

"ஒண்ணும் பண்ணல. தானா சரியாயிருக்கும்."

"நீ வந்த ராசி. அது கெடக்கட்டும், மேனேஜரு ஒரு லெட்டரு கேட்டுக்கினாரு. என் தப்புதான்னு எழுதிக் குடுக்கணுமாம். எனக்கு எழுத வராது, நீதான் நல்லா எழுதுவ. சொல்லு, எழுதிக்கினே வரேன்."

லைன் சரியாகிவிட்டது, இனி லெட்டர் ஃபைலில் தூங்கப் போகிறது, மேனேஜருக்கு ஒரு காகிதம் கிடைத்தால் விஷயம் அதோடு முடியும். இப்படி நினைத்துக்கொண்டேன். மெதுவாகச் சொன்னேன். நெம்மேலி நிலையத்தில் ஏற்பட்ட குறைபாடுகளுக்கு எனது கவனக்குறைவே காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், இனி இவ்வாறு நேராது என உறுதி கூறுகிறேன். அவன் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லி எழுதினான்.

"நல்லாக் கீது. தாங்க்ஸ் மச்சான்" என்று வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜானகிராமன் அறையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். சாலமோன் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். லெட்டரை இரண்டு கையாலும் பிடித்து மேஜைமேல் வைத்தான். ஜானகிராமன் படித்தார். படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சதாசிவம் புதன்கிழமை ஒரு நாள் போனாரு. அன்னிக்கே லைன் சரியாயிடுச்சு. இவரு எட்டு மாசம் மாரடிச்சாரு." லெட்டரை விரலால் தட்டினார். "தப்பு தன்னோடதுதான்னு இவரே எழுதிக் குடுத்துட்டாரு. இனிமே நான் யோசிக்க என்ன இருக்கு? சாலமோன், மாசக் கடைசியோட நிறுத்திக்கலாம். தப்பா நெனைக்காதீங்க."

சாலமோன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வேன் என்று பார்த்தான்.

நான் சத்தமில்லாமல் சரி செய்ததுதான் அவன் கழுத்தில் கயிறாக விழுந்திருக்கிறது. அவனால் முடியாததை நான் ஒரே நாளில் முடித்துவிட்டேன் என்று ஆகிவிட்டது. அங்கே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்துவிட்டேன்.

"சார், தப்பு நெம்மேலில இல்ல. என் திருவிடந்தைல. இட்லி... ஜிபிஎஸ் சரியா மணி குடுக்கலன்னு, பெட்டிய அதோட சொந்தக் கடிகாரத்துல ஓட விட்டேன் நான். டிசம்பர்ல. அதுதான் எட்டு மாசமா இவன் லைன அமுக்கிக்கிட்டு இருந்துது. நெம்மேலில நான் ஒண்ணும் சரி பண்ணல. என்னோடத சரி பண்ணேன், இது தானா எழுந்துது. இவன் நோட்டுல எல்லாம் இருக்குது. தண்ணிதான்னு இவன் தப்பா நெனச்சான், ஆனா நேரத்த ஒழுங்கா எழுதி வெச்சிருந்தான். அந்த நோட்டு இல்லன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது."

ஜானகிராமன் லெட்டரை நாலாக மடித்துக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "நீங்க போங்க சாலமோன். நெம்மேலி உங்களோடதுதான். சதாசிவம், இதையெல்லாம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. திங்கட்கிழமையிலேர்ந்து திருவிடந்தைக்கு வேற ஆள் போடறேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். எனக்கு அது போதும் என்றிருந்தது. ஏதோ ஒரு பாரம் இறங்கின மாதிரிகூட இருந்தது.

எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். சாலமோன் மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தான். காத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினான்.

"எட்டு மாசத்த வுடு மச்சான்" என்றான். "உனுக்கே தெரியாது. மறந்துட்ட. எனுக்கும் அப்படி ஆவும். என் கையே போச்சுன்னு நெனச்சிகினு கீறேன் இத்தினி நாளா. ஊட்டாண்ட சொல்லிக்கூட அழுதேன், கண்ணு மங்கிச்சோ இன்னாவோன்னு. அத்தயும் வுடு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நேத்து லெட்டரு சொன்னியே. அப்ப உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கேபிள் வாங்கினு போனப்ப?"

"தெரியும்."

அவன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். பஸ் ஒன்று நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று.

"வரிக்கு வரி சொன்ன மச்சான்" என்றான். "நா எழுதி முடிச்சிட்டனான்னு கேட்டு, அப்பறமா அடுத்தது சொன்ன. கமா எங்க போடணும்னுகூடச் சொன்ன."

அடுத்த பஸ் வந்ததும் ஏறிப் போனான். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.